சொட்டு மூச்சு

அக்கா மாடிப்படி ஏறி வரும் மூச்சிலேயே அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும். நோயாளி பிழைத்த நாளுக்கு ஒரு மூச்சு, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட நாளுக்கு ஒரு மூச்சு. இதில் வித்தை ஒன்றும் இல்லை. பாளையங்கோட்டையில் எங்கள் கோயிலில் அவள் தனிப்பாடல் பாடுவாள், நான் கீபோர்டு வாசிப்பேன். எங்கள் பக்கம் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். சின்ன வயதிலிருந்து அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, எப்போது பல்லவிக்குத் திரும்புவாள் என்று காத்துக்கிடந்தவளுக்கு இதுகூடத் தெரியாவிட்டால்தான் அதிசயம்.

அன்றைக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். படியில் மூச்சுக் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டேன். தோற்றுவிட்டு வருகிறாள்.

தோற்றது மட்டும் என்றால் தேற்றியிருக்கலாம். உள்ளே வந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏட்டி ஹெப்சி, யாருட்ட சொன்ன?"

விஷயம் இதுதான். பியூலா அக்கா இப்போது நாங்கள் இருக்கும் தாம்பரம் பக்கம் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். ஸ்டாஃப் என்பது பேட்ஜில் இருக்கும் பெருமை, உள்ளே பார்த்தால் ஒப்பந்த வேலை. அவளைப் போல நூற்றுக்கணக்கான பெண்கள். இந்த வருஷத்தோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று நிர்வாகம் சொன்னதும் எல்லாரும் ஒன்றுகூடி, எங்களை நிரந்தரம் ஆக்கு என்று விடாப்பிடியாக நின்றார்கள். பேச்சுவார்த்தைக்குப் போய்ப் பேச ஆள் வேண்டும் என்றபோது எல்லாரும் கைகாட்டியது அக்காவை. சரளமாகப் பேசுவாள், முக்கியமாகப் பயப்படமாட்டாள்.

எல்லாருக்கும் நிரந்தரம் என்பது கோரிக்கை. முடியவே முடியாது என்றால் எதுவரைக்கும் இறங்கலாம் என்பதை அவளே இடம் பார்த்து முடிவு செய்யட்டும் என்று கமிட்டி விட்டுவிட்டது. ஐந்து வருஷம் முடித்தவர்களை உடனே எடுங்கள், மற்றவர்களுக்கு இன்னொரு ஒப்பந்தமாவது கொடுங்கள், அதற்குக் கீழே இறங்கமாட்டேன் என்று முந்தின நாள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே என்னிடம் சொல்லியிருந்தாள். என்னிடம் மட்டும்தான்.

"நான் யாருட்டக்கா சொல்லப் போறேன்?" என்றேன்.

"ஒங்க மேடத்துட்ட சொல்லிருக்கலாம்லா. அவங்களும் எங்க எம்.டி.யும் ஒரே மேடையில நிக்காவ, பேப்பர்ல படம் வந்துச்சுல்லா."

வந்தது உண்மைதான். என் ஆராய்ச்சி வழிகாட்டி அகிலா மேடம், ஏதோ மருத்துவத் தொழில்நுட்ப விழாவில் பொன்னாடையோடு சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தைப் பெருமையாக நான்தான் அக்காவிடம் காட்டினேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதைத்தான்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். நிர்வாகத்தின் பக்கம் பேச வந்தவர் ஒரு எச்.ஆர். அதிகாரி. முன்பெல்லாம் கத்துகிறவர். அன்றைக்கு வாயே திறக்கவில்லையாம். மேஜை நடுவில் குறிப்பெடுக்க என்று ஒரு குட்டி மைக்கை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாராம். இவள் கோரிக்கையைச் சொல்வாள், அவர் தலையாட்டுவார், பிறகு மௌனம். அரை நாள் அப்படியே போனது. இனிச் சரிப்படாது, அடுத்த படிக்கு இறங்கிவிடுவோம் என்று அக்கா மனசுக்குள் முடிவெடுத்தாள்.

"நான் வாயத் தொறக்கல, ஹெப்சி. அதுக்குள்ள அந்த ஆளு வாட்ச்சப் பாத்தாரு. பாத்துட்டு, பேனா மூடியத் தொறந்து எழுத ரெடியாயிட்டாரு. நான் என்ன சொல்லப் போறேன்னு நான் சொல்லுததுக்கு முன்னாடியே அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

அப்புறம் அவள் சொன்னதில் பாதியைத்தான் அவர் எழுதிக்கொண்டார். ஐந்து வருஷம் முடித்தவர்கள் நிரந்தரம். மற்றவர்களுக்கு ஒன்றும் கிடையாது, மாசக் கடைசியோடு வீட்டுக்கு. அடுத்த திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று எழுந்து போய்விட்டார். அக்கா ஐந்து வருஷம் முடித்தவள். வெளியே காத்திருந்த புது நர்ஸ் பிள்ளைகள் விஷயத்தைக் கேட்டுவிட்டு அவளைப் பார்த்த பார்வையை அவள் சொல்லவே இல்லை. ஒருத்தி மட்டும், உங்களுக்கு வேலை உறுதியாயிட்டு, எங்களை வித்துட்டீங்க என்று முகத்துக்கு நேரே சொன்னாளாம். அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை என்று பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். ஆனால் அந்த வாட்ச் என்னைத் தடுத்தது. நான் பேசாமல் நின்றதைப் பார்த்து, குற்றமுள்ள நெஞ்சு என்று அக்கா நினைத்துக்கொண்டாள். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வாட்ச் என்னுடையது. என் கண்டுபிடிப்பு என்று சொல்ல வந்தேன்.

நான் ஒலியும் கணினியும் கலந்த துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்பவள். வீட்டில் தனியாகப் பாடிப் பழகுகிறவர்களுக்குக் கணினி பக்கவாத்தியம் வாசிக்கும், தெரிந்ததுதான். ஆனால் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். பாடுகிறவள் ஒரு வரியை இன்னும் ரெண்டு தடவை பாடினால் அது காத்திருக்காது. மனுசன் காத்திருப்பான். எப்படி? பாடுகிறவளின் மூச்சைக் கேட்டு. எங்கள் கோயில் பாடகர் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. பல்லவிக்குத் திரும்புவதற்கு முன்னால் ஆழமாக மூச்சு இழுத்து நிறுத்தி, அதற்கு மேல் ஒரே ஒரு சொட்டு இழுக்க வேண்டும். அப்போதுதான் இருபது பேரும் ஒன்றாக இறங்குவார்கள். சொட்டு மூச்சு என்று சொல்வோம், எனக்கும் அக்காவுக்கும் அது சின்ன வயதிலேயே பழகிப்போனது. அந்தச் சொட்டு விழுந்தால் என் விரல் தானாகப் பல்லவிக்குப் போகும். கணினிக்கும் அதைக் கற்றுக்கொடுக்கலாமே என்பதுதான் என் ஆராய்ச்சி.

ஒவ்வொருவருக்கும் இறங்கும் மூச்சு ஒவ்வொரு விதம். ஆனால் எல்லாருக்கும் ஒன்று உண்டு. நாலு வருஷம் பாடகர்களின் மூச்சாகச் சேர்த்து, "துணை" என்று ஒரு மென்பொருள் செய்தேன். பாடகி அடுத்து என்ன செய்யப் போகிறாள் என்று ஒரு நொடி முன்னாலேயே அது சொல்லிவிடும். பாடுகிறவர் ஒரு அறையிலும் வாசிக்கிறவர் ஒரு அறையிலும் இருந்து பதிவு செய்யும்போது, வாசிக்கிறவர் மணிக்கட்டில் ஒரு வாட்ச் கட்டிவிடுவோம். பாடகி இறங்கப் போகிறாள் என்றால் அது லேசாகத் தட்டும். செய்து காட்டியபோது எல்லாரும் கைதட்டினார்கள். அகிலா மேடம் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

அவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எஞ்சினியரிங் படிக்காத கீபோர்டுக்காரியை எடுக்கமாட்டோம் என்று எல்லாரும் சொன்னபோது, இவள் காது எனக்கு வேண்டும் என்று எடுத்துக்கொண்டவர். எனக்கு டெங்கு வந்தபோது தூக்குச்சட்டியில் ரசம் கொண்டுவந்தவர். அம்மா போன பிறகு யாரையும் அம்மா என்று கூப்பிடத் தோன்றியதில்லை எனக்கு. அவரை மட்டும் ரெண்டு தடவை வாய் தவறிக் கூப்பிட்டிருக்கிறேன். அவருக்காக நான் எதற்குத்தான் சரி சொல்லவில்லை? வியன்னா கருத்தரங்குக்கு உனக்குப் பதில் நான் போகிறேனே என்றார், சரி. உன் கட்டுரையில் என் பெயர் முதலில் இருந்தால் நிதி கிடைக்கும் என்றார், சரி. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகாதே என்றார், அதற்கும் சரி.

மறுநாள் ஆய்வகத்துக்குப் போனதும் தமீமைப் பிடித்தேன். தமீம் என்னோடு சேர்ந்தவன், பக்கத்து மேஜை. துணையின் நிரல் முழுக்க அவன் கைவண்ணம். துணைக்கு வேறு ஏதாவது வடிவம் இருக்கிறதா, பாட்டுக்கு இல்லாமல் பேச்சுக்கு, என்று கேட்டேன். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்," என்றான்.

"என்னடா தெரியும்?"

"நீ சரின்னு சொல்லிட்டன்னு மேடம் சொன்னாங்க."

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மேடம் ஒரு கம்பெனி தொடங்கியிருக்கிறார். பேரம் பேசுகிற இடங்களில், எதிராளி எப்போது விட்டுக்கொடுக்கப் போகிறார் என்று மூச்சைக் கேட்டுச் சொல்லும் கருவியை அது விற்கிறது. பாட்டில் பல்லவிக்கு இறங்குவதும், பேச்சில் பிடிவாதத்திலிருந்து இறங்குவதும் உடம்புக்கு ஒன்றுதான். எதிராளி இறங்கப் போகிற நேரம் தெரிந்துவிட்டால் நாம் இறங்க வேண்டியதில்லை, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தால் போதும். அதை முதலில் வாங்கியது யார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று இடித்தது. பாடகர்களின் மூச்சு எங்களிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. விட்டுக்கொடுக்கிறவர்களின் மூச்சு எங்கிருந்து கிடைத்தது? ஒரு மனுசன் உண்மையாகவே மனம் உடைந்து சரி என்று சொல்கிற நேரத்தை யார் பதிவு செய்து வைத்திருப்பார்கள்?

தமீம் ஹெட்ஃபோனை என்னிடம் நீட்டினான்.

பேச்சு இல்லை, வெறும் மூச்சுகள். வெட்டி வெட்டி வரிசையாக வைத்திருந்தார்கள். ஆழமாக ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், அதற்கு மேல் ஒரு சொட்டு. அடுத்தது. மறுபடி இழுப்பு, நிறுத்தம், சொட்டு. எங்கள் ஊர்ப் பாடகர் குழுவை எங்கே பிடித்தார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் ஒரு மூச்சில் மூக்கடைப்பு கேட்டது. டெங்குவுக்கு அடுத்த வாரம் நான் சளியோடு வந்து, வியன்னாவுக்கு நீங்களே போங்க மேடம் என்று சொன்ன நாள் அது.

வாராவாரம் ஆய்வகக் கூட்டத்தில் நாங்கள் எல்லாரும் சட்டைக் காலரில் மைக் மாட்டிக்கொண்டுதான் உட்காருவோம். நம்ம சமையலை நாமதான் முதல்ல சாப்பிடணும் என்று மேடம் சொல்வார். நாங்களும் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொள்வோம். நாலு வருஷக் கூட்டம். நாலு வருஷமாக நான் சொன்ன ஒவ்வொரு சரியும், அதற்கு முந்தின மூச்சும், வெட்டி எடுத்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தது.

"எல்லாரோடதும் இருக்குல்ல?" என்றேன்.

"முதல்ல எல்லாரோடதும் எடுத்தோம். மத்ததெல்லாம் தூக்கிட்டாங்க," என்றான் தமீம். "உன்னோடது மட்டும் போதும்னுட்டாங்க."

அவனைத் திட்டவில்லை. திட்டியிருக்க வேண்டும். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து என் மூச்சை வெட்டிக்கொண்டே என்னோடு டீ குடித்திருக்கிறான். ஆனால் அப்போது எனக்கு வேறு ஒருவரிடம் போக வேண்டியிருந்தது.

மேடம் அறையில் வழக்கம்போல ஊதுபத்தி வாசனை. உட்காரு, காபி சாப்பிட்டியா என்றார். ஆஸ்பத்திரியில் ஒட்டுக்கேட்கவா துணையைக் கொடுத்தீர்கள் என்று நான் நின்றுகொண்டே கேட்டேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மறுக்கவே இல்லை.

"ஒட்டுக்கேக்கறதுன்னு சொல்லாதே ஹெப்சி. பேச்சைக் கேட்டாத்தானே ஒட்டுக்கேக்கறது? நாங்க பேச்சைத் தொடறதே இல்ல. மூச்சு மட்டும்தான். மைக் மேஜை மேல இருக்கு, எல்லாரும் பாக்கறாங்க."

என் மூச்சை ஏன் எடுத்தீர்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். முதல் வருஷமே கேட்டேனே, கூட்டத்துப் பதிவை ஆய்வுக்கு எடுத்துக்கலாமான்னு, நீ சரின்னியே என்றார். சொல்லியிருப்பேன். எதற்குத்தான் சொல்லவில்லை. அப்படியே இருந்தாலும் மற்றவர்கள் மூச்சை விட்டுவிட்டு என்னுடையதை மட்டும் ஏன் வைத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் முகம் கனிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பாசத்தோடுதான் சொன்னார்.

"மத்தவங்க சரின்னு சொல்லும்போது பாதி மனசோட சொல்றாங்க. சத்தம் கலங்கலா இருக்கு. உன்னோடது அப்படி ஒரு தெளிவு. உன்னை மாதிரி முழுசா விட்டுக்கொடுக்கறவங்களை நான் பாத்ததே இல்ல."

இதைவிட அவர் என்னை அறைந்திருக்கலாம். நான் பாசம் என்று கொடுத்தது அவருக்குச் சுத்தமான ஒலிப்பதிவு. ரசத்துக்கு விலை போட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த ஆஸ்பத்திரியில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பேசுகிறவள் என் கூடப்பிறந்த அக்கா என்று சொன்னேன். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சரி, இப்போதாவது சுடும், மனுசிதானே என்று காத்திருந்தேன். அவர் பேனாவை எடுத்தார்.

"அதான் அங்க மட்டும் இவ்வளவு துல்லியமா வந்துதா? ஒரே வீடு, ஒரே பாட்டுப் பயிற்சி. எனக்கு இது தோணவே இல்ல பாரு."

குறித்தும் கொண்டார். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து, இது வெளியே போனால் உன் பட்டமும்தான் போகும், வாய்மொழித் தேர்வுக்கு ஒரு மாசம்தான் இருக்கு, அதுவரைக்கும் யாரிடமும் பேசாதே, அப்புறம் கம்பெனியில் உனக்கு ஒரு இடம், எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்றார். அதே குரல். டெங்குவின்போது என் நெற்றியில் கை வைத்துப் பேசிய அதே குரல். கேட்கக் கேட்க என் கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. இத்தனை வருஷப் பழக்கம். மூச்சை இழுத்தேன்.

மேடத்தின் கண் ஒரு கணம் கீழே தன் மணிக்கட்டுக்குப் போய் மேலே வந்தது. "நல்ல பொண்ணு," என்றார்.

நான் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

எத்தனை நாளாக அந்த வாட்ச் அவர் கையில் இருக்கிறது? எத்தனை கேள்விக்கு, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் விழுந்துவிடுவாள் என்று பார்த்துப் பார்த்துப் பேசியிருக்கிறார்? உடம்பெல்லாம் கூசியது. நல்லவேளை, அந்தக் கூச்சம் என் வாயை அடைத்தது.

"நான் இன்னும் சரின்னு சொல்லலயே மேடம்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அன்றைய கூட்டத்துக்காகக் காலையிலேயே மாட்டியிருந்த காலர் மைக்கைக் கழற்றி அவர் மேஜையிலேயே வைத்துவிட்டேன். வாய்மொழித் தேர்வு தேதி குறிப்பிடாமல் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது என்று சாயங்காலமே எனக்கு மெயில் வந்தது. அதற்கு ஆச்சரியப்பட என்ன இருக்கிறது.

அக்காவுக்கு அன்று லீவு. முதலில் கதவைத் திறக்கவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். துணை, வாட்ச், மேடத்தின் கம்பெனி, என் மூச்சு, நம்ம ஊர்ச் சொட்டு. சொல்லி முடித்ததும் கதவு திறந்தது. அவள் அழுதிருக்கவில்லை. நர்ஸ்கள் விபத்து வார்டில் பார்ப்பார்களே, அடி எங்கே என்று, அப்படிப் பார்த்தாள்.

"அப்ப நீதான் சொல்லிருக்க," என்றாள்.

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மேடம் செய்தது, கம்பெனி செய்தது, எனக்குத் தெரியாமல் நடந்தது. எல்லாம் நிஜம்தான். ஆனால் அந்த மேஜையில் அக்காவின் மனசைப் படித்துச் சொன்ன மூச்சு என்னுடையதுதான்.

"ஆமாக்கா," என்றேன்.

நாளைக்கே போய் அந்த மைக்கை எடுக்கச் சொல்வோம், பேப்பர்காரர்களிடம் சொல்வோம் என்று நான் படபடத்தபோது அவள் தலையை ஆட்டி மறுத்தாள். கையில் சாட்சி என்ன இருக்கிறது, தமீம் வாயைத் திறப்பானா என்று கேட்டாள். திறக்கமாட்டான். மைக்கை எடுத்தால் பேச்சே இல்லை என்று எழுந்து போய்விடுவார்கள், மாசக் கடைசியில் பிள்ளைகள் தெருவில் நிற்கும் என்றாள்.

"அது அங்கனயே இருக்கட்டும். நமக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியாண்டாம்." பிறகு கேட்டாள். "என் மூச்சு மிஷினுக்கு நல்லாத் தெரியுமா, ஒனக்கு நல்லாத் தெரியுமா?"

"எனக்குத்தான்," என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "ஒன் விஷயத்துல அது என்கிட்டருந்து படிச்சதுதானே."

சரி என்று சொல்லிக் கதவை மறுபடி சாத்திக்கொண்டாள்.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் பேச்சு இல்லை. சமைத்தால் சாப்பிடுவாள், தட்டைக் கழுவி வைப்பாள். டியூட்டி முடிந்து வந்ததும் அறைக்குள் போய்விடுவாள். உள்ளேயிருந்து மூச்சுச் சத்தம் கேட்கும். இழுப்பதும் நிறுத்துவதும், பாதியில் விடுவதும். தேம்பித் தேம்பி அழுகிறாள் என்று நினைத்து, வெளியே தரையில் உட்கார்ந்து நானும் அழுதேன். வேலி என்று நம்பிய ஆள் பயிரை மேய்ந்தாள் என்றால், நானே அல்லவா கதவைத் திறந்துவிட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. தாம்பரத்துக் கோயிலில் காணிக்கை எடுக்கும் நேரம் அக்காவின் தனிப்பாடல். வரமாட்டாள் என்று நினைத்தேன், வந்தாள். நீ வாசிக்காண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன், சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் சின்னப் பிள்ளையிலிருந்து பாடமான கீர்த்தனையைத்தான் எடுத்தாள். மன்னித்துவிட்டாள் போல என்று என் மனசு லேசானது. அவள் முதுகைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தேன். தூக்கத்தில் எழுப்பி வாசிக்கச் சொன்னாலும் வாசிப்பேன் அந்தப் பாட்டை.

முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது சரணத்தின் கடைசி வரி. ஆழமாக இழுத்தாள், நிறுத்தினாள், மேலே ஒரு சொட்டு. என் விரல்கள் பல்லவியில் இறங்கின.

அவள் இறங்கவில்லை. அதே சரண வரியை மேலே பிடித்து மறுபடியும் பாடினாள். என் சுரமும் அவள் குரலும் கோயில் நடுவில் முட்டிக்கொண்டன. காணிக்கைப் பை பாதியில் நின்றது. முன்வரிசையில் ஒரு அம்மா திரும்பி என்னை முறைத்தார். தட்டுத்தடுமாறி அவளோடு போய்ச் சேர்ந்தேன். எனக்குக் கைதவறிவிட்டது என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

மூன்றாவது சரணத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி வரி முடிந்தது. சொட்டு விழவில்லை. சரி, இன்னொரு தடவை அதே வரியைப் பாடப் போகிறாள் என்று நான் சரணத்துக்கே திரும்ப, அவள் மூச்சே எடுக்காதவள் போலப் பல்லவிக்குள் இறங்கிப் போய்விட்டாள். நான் பின்னால் நின்றுவிட்டேன். அக்கா பாடும்போது நான் அப்படித் தனியாக நின்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அப்போதுதான் புரிந்தது, அறைக்குள் அவள் அழவில்லை என்று.

வாசலில் பைக்குகள் நிற்கும் இடத்தில் எனக்காகக் காத்திருந்தாள். அந்த வாரத்தில் அவளாகப் பேசியது அப்போதுதான்.

"ஏமாந்தியா?"

"ரெண்டு தடவ ஏமாந்தேன்."

"நெசமாவா? எனக்காவ விட்டுக்குடுக்கலயே?"

"இல்லக்கா. நெசமாத்தான் ஏமாந்தேன்."

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். என் மூச்சையும் கேட்டிருப்பாள், அவளுக்கு மட்டும் தெரியாதா என்ன. திருப்தியானதும் தலையை அசைத்தாள். "அப்ப மிஷினும் ஏமாறும்," என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று நான் பின்னாலேயே போனேன். சொல்லவில்லை.

மறுநாள், கையெழுத்துப் போட வேண்டிய திங்கட்கிழமை, சாயங்காலம் படியில் அவள் காலடி கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டேன். மூச்சு ஒரே சீராக ஏறி வந்தது. ஜெயித்த மூச்சா தோற்ற மூச்சா என்று எனக்குத் தெரியவில்லை. கதவைத் திறந்து உள்ளே வந்து, கைப்பையை ஆணியில் மாட்டி, தண்ணீர் குடித்தாள். அதுவரைக்கும் தெரியவில்லை.

"என்னக்கா ஆச்சு?" என்று கேட்டேன். இருபத்தைந்து வருஷத்தில் அவளிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

இறங்கப் போகிறாள் என்று மணிக்கட்டில் தட்டத் தட்ட அந்த அதிகாரி பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாகத் தவித்ததை அவள் சொன்னாள். அவர் அசந்த நேரத்தில், அசையவே மாட்டாள் என்று வாட்ச் சும்மா இருந்த நேரத்தில், எல்லாரையும் எடுக்காவிட்டால் நாளை முதல் யாரும் வார்டுக்குள் போகமாட்டோம் என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கிறாள். அவர்தான் உட்காருங்கள் என்றாராம்.

"எல்லாருக்கும் நிரந்தரம். கையெழுத்துப் போட்டாச்சு," என்றாள் அக்கா.

சந்தோஷமாகச் சொன்னாளா, என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாளா என்று மூச்சில் தேடிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே நம்பிவிட்டு, தோசைக்கல்லை மறுபடி அடுப்பில் வைத்தேன்.